சைக்கிள் பயணமும் குடும்ப நலமும்



குடும்ப நலம் என்றவுடன் பிள்ளைப்பேறும் தடுப்பூசியும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. வாசலில் சாய்த்து வைத்திருக்கிறீர்களே சைக்கிள், அதுவும் குடும்ப நலத்தைச் சேர்ந்ததுதான். மோட்டார் வண்டிகள் பெருகிவிட்ட இந்நாளிலும் பிள்ளை பள்ளிக்குப் போவதும், மீன் கூடை சந்தைக்குப் போவதும், அனுப்பம்பட்டு ஸ்டேஷனுக்குப் போய் ரயில் ஏறுவதும் பல வீடுகளில் சைக்கிளில்தான்.

நம் பக்கத்துச் சாலை முன்போல் இல்லை. 2001-இல் எண்ணூர்த் துறைமுகம் செயல்படத் தொடங்கியது. பிறகு காட்டுப்பள்ளியிலும் ஒரு துறைமுகம் வந்தது. மீஞ்சூர், மணலி, திருவொற்றியூர்ப் பக்கமெல்லாம் கன்டெய்னர் லாரிகள் நிறைந்துவிட்டன. அதே 2001-02 கல்வியாண்டில்தான் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு அரசு இலவச சைக்கிள் கொடுக்க ஆரம்பித்தது. பிறகு மற்றப் பிள்ளைகளுக்கும் கிடைத்தது. ஆக, லாரியும் நம் பிள்ளையும் ஒரே சாலையில்!

"லாரிக்காரர் பார்த்து ஓட்டமாட்டாரா?" என்று முகாம்களில் கேட்கிறார்கள். அவர் பார்க்கத்தான் செய்கிறார். ஆனால் அவர் உட்கார்ந்திருப்பது உயரத்தில், வலப்பக்கம். லாரியின் இடப்பக்கத்தை ஒட்டி நிற்கும் சைக்கிள் அவர் கண்ணுக்குப் படாது. லாரி இடப்புறம் திரும்பும்போது முன்சக்கரம் போன வழியில் பின்சக்கரம் போகாது. உள்ளே ஒதுங்கி வரும். சந்தில் நுழைந்து முன்னேறலாம் என்று போன சைக்கிள் அதில்தான் மாட்டுகிறது. ஆகவே சந்திப்பில் லாரி நின்றால் அதன் பின்னாலேயே, சற்றுத் தள்ளி நில்லுங்கள். கண்ணாடியில் டிரைவர் முகம் உங்களுக்குத் தெரியாவிட்டால், நீங்களும் அவருக்குத் தெரியமாட்டீர்கள். வலப்பக்கம் திரும்ப வேண்டுமா? இறங்கி, இரண்டு பக்கமும் பார்த்து, தள்ளிக்கொண்டு கடந்து போங்கள். இதில் மானக்குறைவு எதுவுமில்லை.

நடந்து போகிறவர் எதிரே வரும் வண்டி தெரியும்படி வலப்பக்கம் நடக்க வேண்டும். சைக்கிளுக்கு அது பொருந்தாது, எப்போதும் இடப்பக்கமே.

அடுத்தது இருட்டு. பழவேற்காட்டிலிருந்து விடியுமுன் கூடையோடு கிளம்புகிறவர்களுக்கு இது முக்கியம். 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி இரண்டே வினாடியில் 100 அடிக்கு மேல் கடந்துவிடும். கறுப்புக் கம்பளியும் கரும்பச்சை லுங்கியும் அந்த நேரத்தில் தெரியாது. முன்னே விளக்கு, பின்னே சிவப்பு ஒளிவில்லை, வெள்ளைச் சட்டை. பின்னால் கட்டும் கூடை அந்தச் சிவப்பு வில்லையை மறைத்துவிடும். அதனால் கூடையின் மேலேயே ஒளிரும் ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டிவிடுங்கள். நம் ஊர் உப்புக் காற்றில் பிரேக் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். மழையில் நனைந்த சக்கரத்தில் பிரேக் பிடிக்கவே நேரமாகும். ஐப்பசி, கார்த்திகையில் பிரேக் கட்டையை மாற்றிவிடுவது நல்லது. "சைக்கிள்தானே" என்று குடித்துவிட்டு ஏறுகிறவர்களுக்கும் சொல்கிறேன்: லாரிக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியாது.

தாய்மார்களே, இது உங்களுக்கு. கேரியரில் உட்காரும் பிள்ளையின் குதிகால் ஆரக்கம்பிக்குள் போய்விடுவது நாங்கள் அடிக்கடி காணும் காயம். சக்கரத்தின் இரு பக்கமும் வலைத்தட்டு மாட்டினால் இதைத் தடுக்கலாம். உங்கள் சேலைத் தலைப்பும் தப்பும். கால் மாட்டிக்கொண்டால் வெடுக்கென்று இழுக்காதீர்கள். சக்கரத்தை மெல்லப் பின்னோக்கிச் சுற்றி விடுவியுங்கள். சுத்தமான தண்ணீரில் கழுவி, வெள்ளைத் துணியால் மூடுங்கள். காப்பித் தூள், மஞ்சள், கிரீஸ் எதுவும் வேண்டாம். முதல் நாள் சிராய்ப்புப் போலத் தோன்றும் தோல் சில நாட்களில் கறுத்துப் போகலாம். எனவே அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள்.

தலையில் அடிபட்டவருக்குச் சோடாவோ தண்ணீரோ கொடுக்கக் கூடாது. வாந்தி, தூக்கக் கலக்கம், காதிலோ மூக்கிலோ இரத்தம், இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே 108-க்குச் சொல்லுங்கள். கழுத்தை அசைக்காமல் வைத்திருங்கள். "போலீஸ், கோர்ட்டுன்னு அலையணுமே" என்று ஒதுங்க வேண்டியதில்லை; உதவி செய்தவரைப் பாதுகாக்க 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே பிரிவு சேர்த்துவிட்டார்கள். செலவைப் பற்றியும் தயங்காதீர்கள். 2021 டிசம்பரில் தொடங்கிய இன்னுயிர் காப்போம் திட்டத்தில், விபத்தில் அடிபட்டவரின் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசு குறிப்பிட்ட வரம்பு வரை ஏற்கிறது. திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளுக்கும் இது பொருந்தும்.