ஈரத்துணிப் பை நாமே தைத்தால் உண்மையில் எவ்வளவு மிச்சம்?



ஒரு மழைக்கால காலையில் பைக்கில் ஆபீஸ் போய்ச் சேர்ந்தேன். நனைந்த ரெயின்கோட்டை மடித்து ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, லேப்டாப் இருந்த பேக்பேக்கிலேயே வைத்துவிட்டேன். கவரில் ஒரு சின்னக் கிழிசல் இருந்ததைக் கவனிக்கவில்லை. சாயங்காலம் லேப்டாப் ஆன் ஆகவில்லை. சர்வீஸ் பில் 14,000 ரூபாய். அடுத்தவர் கணக்கைத் தணிக்கை செய்கிற நான், இலவச கவரை நம்பி 14,000 கட்டினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே அம்மாவின் தையல் மெஷினில் ஜிப் வைத்த ஈரத்துணிப் பை ஒன்று தைத்தேன். ஜிம் டிரெஸ், நீச்சல் உடை, ரெயின்கோட், குழந்தையின் ஈரத்துணி எல்லாத்துக்கும் ஆகும். எப்படித் தைப்பது என்று முதலில் பார்ப்போம். கணக்கு அதுக்கு அப்புறம். முக்கியமான பாடம் அதில்தான் இருக்கு.

என்னென்ன வேண்டும்?

துணிக்குப் பெயர் பி.யு.எல். துவைத்துத் திரும்பப் பயன்படுத்துகிற குழந்தை டயாப்பர்களில் வெளிப்பக்கம் இருக்கிற துணி இதுதான். ஒரு பக்கம் சாதாரணத் துணி, மறுபக்கம் தண்ணீர் புகாத மெல்லிய பூச்சு. கிடைக்காவிட்டால் பழைய ரெயின்கோட்டில் கிழியாத பகுதியை வெட்டி எடுக்கலாம்.

நான் வாங்கியதன் பில்:

- பி.யு.எல். துணி அரை மீட்டர்: 190 ரூபாய்
- 14 இன்ச் நைலான் ஜிப் 2: 30 ரூபாய்
- பாலியெஸ்டர் நூல்: 25 ரூபாய்
- 11-ம் நம்பர் ஊசி ஒரு பாக்கெட்: 35 ரூபாய்
- மொத்தம்: 280 ரூபாய்

மெட்டல் ஜிப் துருப்பிடிக்கும், வேண்டாம். பருத்தி நூல் தண்ணீரை உறிஞ்சி வெளியே கடத்தும், அதனால்தான் பாலியெஸ்டர்.

தைக்கும் முறை

1. 32 செ.மீ. அகலம், 72 செ.மீ. நீளத்தில் ஒரே துண்டாக வெட்டுங்க. பாதியாக மடித்தால் அடிப்பக்கம் மடிப்பாக வரும், அங்கே தையலே இருக்காது. தண்ணீர் தேங்குவது அடியில்தான், அதனால் இது முக்கியம்.

2. குண்டூசி குத்தாதீங்க. துணி காயப்போடும் கிளிப் போதும். இந்தத் துணியில் ஒருமுறை விழுந்த ஓட்டை மூடாது. தப்பாகத் தைத்துவிட்டுப் பிரித்தாலும் ஓட்டை அப்படியே நிற்கும். தையல் நீளத்தை 3 மி.மீ. வைத்தால் ஓட்டைகளும் குறையும்.

3. துணியின் நல்ல பக்கம் மேலே இருக்கட்டும். 32 செ.மீ. ஓரத்தில் ஜிப்பைக் குப்புற வைத்து, ஜிப் ஃபுட் போட்டுத் தையுங்க. துணியைத் திருப்பி, ஓரமாக இன்னொரு தையல் ஓட்டுங்க. எதிர் ஓரத்தை ஜிப்பின் மறுபக்கத்தோடு இதேபோல் சேர்த்தால் குழாய் மாதிரி வரும். இதைத் தைக்கும்போது ஜிப்பைத் திறந்து வைத்தால் வசதி.

4. இப்போ உள்பக்கம் வெளியே வருகிற மாதிரி திருப்பி, ஜிப் மேலே இருக்கும்படி தட்டையாக வையுங்க. ஜிப்பைப் பாதி திறந்து வைக்க மறக்காதீங்க. மூடிவிட்டுத் தைத்தால் பையைத் திருப்பவே முடியாது. மாட்டிவைக்க ஒரு நாடாவை மடித்து, உள்ளே செருகிக்கொள்ளுங்க.

5. இரண்டு பக்கமும் 1 செ.மீ. விட்டுத் தையுங்க. ஜிப்பைத் தாண்டும் இடத்தில் முன்னும் பின்னுமாக மூன்று தடவை ஓட்டுங்க. அதுக்கு அப்புறம்தான் நீட்டிக்கொண்டிருக்கும் ஜிப்பை வெட்டணும். முன்னாடியே வெட்டினால் ஓட்டி கழன்று வந்துவிடும்.

பூச்சுள்ள பக்கம் மெஷின் பாதத்தில் ஒட்டிக்கொண்டு நகராது. மேலே பட்டர் பேப்பர் வைத்துத் தைத்துவிட்டுக் கிழித்து எடுங்க.

ஒரு உண்மையையும் சொல்லிவிடறேன். பக்கத் தையலில் ஊசி ஓட்டைகள் இருக்கும். அதனால் இது ஈரத்தைத் தாங்குமே தவிர, தண்ணீர் ஊற்றி வைக்கிற பை இல்லை. சொட்டுகிற துணியைப் பிழிந்துவிட்டுப் போடுங்க. அன்றைக்கே வெளியே எடுங்க, இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். சூடான இஸ்திரி, ஃபேப்ரிக் சாஃப்ட்னர் இரண்டும் வேண்டாம்.

இப்போ கணக்கு

அரை மீட்டர் துணியில் இரண்டு பை வரும். ஒரு பைக்குத் துணி 95, ஜிப் 15, நூலும் ஊசியும் சேர்த்து 10. ஆக 120 ரூபாய். இதே அளவு பையைக் கடையில் 350 ரூபாய்க்குப் பார்த்தேன். 230 ரூபாய் மிச்சம்!

கொஞ்சம் பொறுங்க. ஒரே ஒரு பையோடு நிறுத்திவிட்டால் கையை விட்டுப் போனது 280. அப்போ மிச்சம் 70 ரூபாய்தான். மீதித் துணி அலமாரியில் தூங்கினால் அது சேமிப்பு இல்லை, முடங்கிய பணம்.

நம்ம நேரம்? மாதம் 40,000 சம்பளம், 22 நாள், தினம் 8 மணி நேரம் என்றால் ஒரு மணிக்குச் சுமார் 227 ரூபாய். முதல் பைக்கு எனக்கு ஒன்றரை மணி ஆனது. அப்படிப் பார்த்தால் நஷ்டமா? இல்லை. அந்த ஞாயிறு மாலையை யாரும் என்னிடம் காசு கொடுத்து வாங்கப் போவதில்லை. வேறு வருமானத்தை விட்டுவிட்டு வந்தால்தான் அது செலவு.

மெஷின் ஏற்கெனவே வீட்டில் இருந்தால் அந்தப் பணம் என்றைக்கோ போனது, இந்தக் கணக்கில் வராது. ஆனால் இதுக்காக 8,000 ரூபாய்க்குப் புது மெஷின் வாங்கினால், போட்டதை எடுக்கவே 35 பை தைக்கணும். அதுக்குப் பதிலாகத் துணியும் ஜிப்பும் வாங்கி, தெரு முனை டெய்லரிடம் கொடுங்க. 80 ரூபாய் கூலி கேட்டாலும் 200-க்குள் முடியும்.

நான் செய்த தப்பு

பையைப் பார்த்த ஆபீஸ் நண்பர்கள் பத்து பேர் தங்களுக்கும் கேட்டார்கள். "150 கொடுங்க போதும்" என்றேன். பொருள் செலவு 1,200, வசூல் 1,500. லாபம் 300 என்று சந்தோஷமாக இருந்தேன்.

கை பழகியதால் ஒரு பைக்கு முக்கால் மணி ஆனது. பத்து பைக்கு ஏழரை மணி நேரம். அதில் நான் தைத்தது நாலு. ஆடிட் வேலை குவிந்ததால் மீதி ஆறையும் அம்மா தைத்தார்கள். இரண்டாவது ஞாயிறு இரவு இடுப்பில் தைலம் தேய்த்துக்கொண்டே, "இதுல உனக்கு என்னப்பா கிடைச்சுது?" என்று கேட்டார்கள். அப்போதான் வகுத்துப் பார்த்தேன். மணிக்கு 40 ரூபாய்.

கிளையன்ட் கணக்கில் கூலி விட்டுப்போனால் உடனே கண்டுபிடிக்கிறவன் நான். என் அம்மாவின் நாலரை மணி நேரத்தை, கேட்காமலேயே பூஜ்யம் என்று எழுதிவிட்டேன். நம்மில் பலர் வீட்டில் இதைத்தான் செய்கிறோம்.

சரியான விலை இப்படி வரும்:

- பொருள்: 120
- முக்கால் மணிக் கூலி, மணிக்கு 100 வீதம்: 75
- வெட்டும்போது வீணாவது: 12
- மின்சாரம், தேய்மானம், பேக்கிங்: 13
- அடக்க விலை: 220
- 20 சதவீத லாபம்: 44
- விற்பனை விலை: 264, அதாவது 265 ரூபாய்

அடுத்து கேட்ட எட்டுப் பேரிடம் 265 என்றேன். மூன்று பேர்தான் வாங்கினார்கள். கூலி முழுவதும் அம்மா கணக்குக்குப் போனது. 150-க்கு வாங்கியவர்களுக்கு நாங்கள் பை விற்கவில்லை, எங்கள் ஞாயிற்றுக்கிழமையைத் தள்ளுபடியில் கொடுத்திருக்கோம்.

தொடர்ந்து விற்கப் போறீங்கன்னா இன்னொரு விஷயம். அது தொழில் வருமானம். சம்பளக்காரர்கள் வழக்கமாகப் போடுகிற ஐ.டி.ஆர்.-1 படிவம் செல்லாது, ஐ.டி.ஆர்.-4 அல்லது 3-க்கு மாறணும். தொகை சின்னது என்பதற்காக விட்டுவிடாதீங்க. முதல் நாளிலிருந்தே வரவு செலவை ஒரு நோட்டில் எழுதுங்க.

இந்த வார ஹோம்வொர்க்

உங்க வீட்டில் "நாமே செய்வதால் மிச்சம்" என்று நினைக்கிற ஒரு வேலையை எடுங்க. டிபன், துணி, டியூஷன், எதுவானாலும் சரி. பொருள் செலவுக்குப் பக்கத்தில் எத்தனை மணி நேரம், யாருடைய நேரம் என்று எழுதுங்க. அந்தப் பெயர் உங்களுடையது இல்லை என்றால், அவங்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அப்புறம் மிச்சம் என்று சொல்லுங்க.