வேறு மாநில பைக்குக்கு டிஎன் எண்: மாற்றுவதா, விடுவதா, விற்பதா?

வேறு மாநிலப் பதிவெண்ணோடு ராயபுரத்துக்கோ திருவொற்றியூருக்கோ எண்ணூருக்கோ வந்து சேரும் மோட்டார் சைக்கிளுக்கு நான்கு வழிகள் உண்டு. பழைய எண்ணிலேயே சில காலம் ஓட்டலாம். தடையில்லாச் சான்று (என்.ஓ.சி.) வாங்கி டிஎன் எண்ணுக்கு மாற்றலாம். உரிமையாளருக்குத் தகுதி இருந்தால் பிஎச் வரிசை எண் பெறலாம். இல்லையென்றால் வண்டியை வந்த ஊரிலேயே விற்றுவிட்டு, இங்கே பதிவான வேறொன்றை வாங்கலாம். எது லாபம் என்பதை வண்டியின் வயதும், அது இங்கே எத்தனை காலம் இருக்கப் போகிறது என்பதுமே தீர்மானிக்கின்றன. ஓடிய கிலோமீட்டருக்கு இதில் பங்கே இல்லை.

இந்தக் கடைசிச் செய்தியைப் பலர் நம்புவதில்லை. கிலோமீட்டரைப் பார்க்கும் இடங்களும் உண்டு. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 7,500 மைலுக்குக் குறைவாக ஓடிய வண்டி புதிய வண்டியாகவே கருதப்படும். அம்மாநிலத்தின் புகை விதிக்கேற்பத் தயாரிக்கப்படாதது என்றால், சில விலக்குகள் தவிர, அங்கே பதிவாகாது. இந்தியச் சட்டம் ஓடோமீட்டரைப் பார்க்காமல் தேதியைப் பார்க்கிறது. பிஎஸ்-4 புகைத்தர வண்டிகளை 2020 மார்ச் 31க்குப் பிறகு விற்கவோ பதிவு செய்யவோ கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் தீர்ப்பளித்தது. இந்தத் தடை முதல் பதிவுக்கு உரியது. 2018இல் பெங்களூரில் முறையாகப் பதிவான பிஎஸ்-4 பைக்குக்கு இன்றும் தமிழ்நாட்டு எண் கிடைக்கும். பதிவே ஆகாமல் எங்கோ நின்றுபோன பிஎஸ்-4 வண்டியை அடிமாட்டு விலைக்கு வாங்கி வந்தால், மீட்டரில் பத்தே கிலோமீட்டர் காட்டினாலும், அதைச் சாலையில் இறக்க முடியாது. ஆர்.சி. புக்கில் முதலில் பார்க்க வேண்டியது முதல் பதிவுத் தேதி. அடுத்தது தயாரிப்பு மாதம்.

பழைய எண்ணிலேயே ஓட்டுவது குறுகிய காலத்துக்கு மட்டும் சரியான வழி. மோட்டார் வாகனச் சட்டத்தின் 47ஆம் பிரிவுப்படி, வேறு மாநில வண்டி 12 மாதத்துக்கு மேல் இங்கே வைக்கப்பட்டால் புதிய எண் கேட்டு விண்ணப்பித்தே ஆக வேண்டும். துறைமுகத்தில் ஆறு மாத ஒப்பந்த வேலைக்கு ஆந்திரத்திலிருந்து வருபவர் எண்ணை மாற்ற மெனக்கெட வேண்டியதில்லை. அவர் கையில் ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று மூன்றும் காலாவதியாகாமல் இருந்தால் போதும். எந்த மாநிலத்தில் எடுத்த புகைச் சான்றும் நாடு முழுக்கச் செல்லும். வேலைக்குச் சேர்ந்த ஊரின் நியமனக் கடிதம், ரயிலில் வண்டி ஏற்றிய ரசீது போல, வந்த தேதியைக் காட்டும் ஒரு தாளும் உடன் இருப்பது நல்லது. ஆனால் அந்த 12 மாத அவகாசம் எண்ணுக்குத்தான். வரி மாநில அரசின் தனிச் சட்டத்தில் வருவது. அதற்கும் ஓராண்டு விட்டுவிடுவார்கள் என்று எண்ணிக்கொள்வது தவறு.

இங்கேயே குடியமர்பவருக்கும், வெளிமாநிலத்தில் பழைய வண்டி வாங்கி வருபவருக்கும் உரியது இரண்டாவது வழி. இதில் உழைப்பின் பெரும்பகுதி பழைய ஊரில்தான். படிவம் 28இல் என்.ஓ.சி.க்கு விண்ணப்பிக்க வேண்டும். கடனில் வாங்கிய வண்டியானால் நிதி நிறுவனத்தின் கடிதத்தோடு படிவம் 35 கொடுத்துக் கடன் குறிப்பை முதலில் நீக்கிக்கொள்வது நல்லது. நிலுவைச் சலான் ஒன்று இருந்தாலும் மொத்த வேலையும் நின்றுவிடும். திருட்டு வழக்கில் சிக்காத வண்டி என்பதற்கான சான்றும் வேண்டும். விண்ணப்பித்த 30 நாளுக்குள் மறுப்பு எதுவும் வராவிட்டால் என்.ஓ.சி. வழங்கப்பட்டதாகவே கொள்ள வேண்டும் என்று 48ஆம் பிரிவு சொல்கிறது. ஆனாலும் தாளையோ கணினிப் பதிவையோ காட்டாமல் இங்கே யாரும் கோப்பைத் திறக்க மாட்டார்கள். ஆகவே வண்டியை லாரியில் ஏற்றும் முன்பே என்.ஓ.சி. கையில் இருக்கட்டும். விற்றவர் கையெழுத்திட்ட படிவம் 29, 30 இல்லாமல் முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டு, பிறகு கையெழுத்துக்காக ஆயிரம் கிலோமீட்டர் திரும்பிப் போனவர்கள் உண்டு.

இங்கே வந்ததும் படிவம் 27. வடசென்னை முழுவதும் ஒரே ஆர்டிஓ அலுவலகத்தின் கீழ் இல்லை. தண்டையார்பேட்டை டிஎன்-03, செங்குன்றம் டிஎன்-18. குடியிருக்கும் முகவரியின் பின்கோடைப் பரிவாகன் தளத்தில் இட்டுப் பார்த்து உரிய அலுவலகத்தை முடிவு செய்த பிறகே, அந்தப் பெயருக்கு என்.ஓ.சி. கேட்க வேண்டும். அலுவலகப் பெயர் மாறினால் மறுபடி பழைய ஊருக்கு அலைச்சல்.

வண்டியை மோட்டார் வாகன ஆய்வாளர் நேரில் பார்ப்பார். சேசிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் ஆர்.சி.யில் உள்ளபடியே இருக்க வேண்டும். காசிமேடு, எண்ணூர்க் கரையோர உப்புக்காற்றில் சேசிஸ் எண் துருவில் மறைந்துபோவது சாதாரணம். அதைச் சுத்தம் செய்கிறேன் என்று உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால், எண்ணைத் திருத்திய வண்டி என்ற சந்தேகம் வந்துவிடும். துணியும் மண்ணெண்ணெயும் போதும். சத்தம் எழுப்பும் மாற்றுச் சைலன்சர், வேறு வண்டியின் இன்ஜின் இவற்றோடு போனால் திருப்பி அனுப்பப்படுவதே நியாயம்.

செலவில் பெரிய பங்கு வாழ்நாள் வரிக்குப் போகிறது. 2023 நவம்பர் 9 முதல் தமிழ்நாட்டில் புதிய மோட்டார் சைக்கிளுக்கு விலை ஒரு லட்ச ரூபாய் வரை 10 சதவீதம், அதைத் தாண்டினால் 12 சதவீதம். வெளிமாநிலத்திலிருந்து வருவதற்கு வயதுக்கேற்ப வரி குறையும். வரி, வண்டி புதிதாக இருந்தபோதைய விலையின் மேல் கணக்கிடப்படுகிறது என்பதை மறக்கக் கூடாது. எழுபதாயிரத்துக்குப் பேரம் பேசி வாங்கியதால் வரியும் எழுபதாயிரத்துக்கு ஆகாது. முன்பு வரி கட்டிய மாநிலத்தில் மிச்சக் காலத்துக்கான பணத்தைத் திரும்பக் கேட்க இடமிருக்கும். டிஎன் எண் கிடைத்த பின், புதிய ஆர்.சி., இங்கே வரி கட்டிய ரசீது இரண்டையும் இணைத்துப் பழைய அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். இரண்டு மூன்று வயது வண்டிக்கு அது கணிசமான தொகை. பலர் அலுப்பில் விட்டுவிடுகிறார்கள், விடக் கூடாது.

மாநிலம் மாறினாலும் எண்ணை மாற்றத் தேவையில்லாத பிஎச் (பாரத்) வரிசை 2021 செப்டம்பர் 15 முதல் நடப்பில் உள்ளது. மத்திய, மாநில அரசு ஊழியர், படைவீரர், பொதுத்துறை நிறுவன ஊழியர், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் உள்ள தனியார் நிறுவன ஊழியர் இதற்குத் தகுதியானவர்கள். வரியை இரண்டிரண்டு ஆண்டுக்குக் கட்டினால் போதும். ஏற்கெனவே பதிவான வண்டியையும் இந்த வரிசைக்கு மாற்ற 2022 டிசம்பரில் விதி திருத்தப்பட்டது. கடலோரக் காவல் படையிலோ மணலி சுத்திகரிப்பு ஆலையிலோ நிரந்தர வேலையில் இருந்து, மூன்று ஆண்டுக்கொருமுறை மாற்றலாகிறவருக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. அதே ஆலை வாசலில் ஒப்பந்தக்காரரின் கீழ் வேலை செய்பவருக்கு இது பொருந்தாது. அவருடைய ஒப்பந்த நிறுவனத்துக்கே நான்கு மாநிலங்களில் அலுவலகம் இருந்தாக வேண்டும். ஓய்வு வரை வடசென்னையை விட்டு நகராதவருக்கும் இதில் பயனில்லை.

பழைய வண்டிகளின் கணக்கு வேறு. பதிவு 15 ஆண்டுக்குத்தான் செல்லும். பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். மோட்டார் சைக்கிளுக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 300 ரூபாயிலிருந்து 1,000 ரூபாய் ஆனது. 15 வயதைத் தாண்டிய பெட்ரோல் வண்டிகள் டெல்லி வட்டாரத்தில் ஓடக் கூடாது என்ற 2018 உத்தரவின் நடைமுறை பின்னர் மாறிவந்தாலும், அங்கிருந்து மலிவு விலையில் வண்டிகள் வருவது நிற்கவில்லை. அந்த மலிவு, வரியிலும் புதுப்பிப்பிலும் இன்ஜின் வேலையிலும் கரைந்துவிடும்.

புகைச் சோதனை இங்கே கடைசித் தடை. 2000 மார்ச்சுக்குப் பின் வந்த, பிஎஸ்-4க்கு முந்தைய நான்கு ஸ்ட்ரோக் பைக்குக்குக் கார்பன் மோனாக்சைடு 3.5 சதவீதத்தையும் ஹைட்ரோகார்பன் 4,500 பிபிஎம்மையும் தாண்டக் கூடாது. அதற்கு முந்தைய ஆர்எக்ஸ் 100 போன்றவற்றுக்கு 4.5 சதவீதம், 9,000 பிபிஎம் என்று வரம்பு தளர்வானது. நன்றாக டியூன் செய்த வண்டி அதில் தேறும். அனல்மின் நிலையச் சாம்பலையும் கன்டெய்னர் லாரிப் புகையையும் ஏற்கெனவே சுவாசிக்கிற ஊரில், வண்டியைக் கொண்டுபோகாமலே சான்று வாங்குவது அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குச் செய்யும் கேடு.

திருவொற்றியூரில் 1950களின் நடுவிலிருந்து தயாரான புல்லட்டுகள் பஞ்சாப் வரை போய், இன்று கிழப்பருவத்தில் பிறந்த ஊருக்கே திரும்புகின்றன. 50 வயதைக் கடந்து, அசல் உருவம் மாறாமல் இருந்தால் அவற்றை 2021 விதிப்படி பழம்பெரும் வண்டியாக, ‘விஏ’ எழுத்துகளோடு பதிவு செய்யலாம். முதல் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து ஆண்டுக்குச் செல்லும். கண்காட்சி, அணிவகுப்பு போன்ற சில தேவைகளுக்கு மட்டுமே ஓட்ட முடியும். வேலைக்குப் போய்வர ஆகாது.

ஆக, ஐந்து வயதுக்குட்பட்ட வண்டியைத் தயங்காமல் டிஎன் எண்ணுக்கு மாற்றலாம். ஐந்து முதல் பத்து வயது வரை, இங்கே கட்டும் வரி, அங்கே திரும்பக் கிடைப்பது, வண்டியின் சந்தை விலை மூன்றையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்து முடிவெடுக்க வேண்டும். பன்னிரண்டு வயதைத் தாண்டியதை, அது அப்பா ஓட்டிய புல்லட்டாக இல்லாத பட்சத்தில், வந்த ஊரிலேயே விற்றுவிடுவதே மேல்.