உரமும் மண்ணும் வயலிலேயே நிற்கட்டும்

கேள்வி: எங்கள் நெல்வயல் சிற்றாற்றுப் பாசனத்தில் இருக்கிறது. பெருமழை பெய்தால் வாய்க்கால் செக்கச்சிவந்து ஓடுகிறது. போட்ட யூரியாவும் அதோடு போய்விடுகிறது. உரத்தைக் குறைத்தால் விளைச்சல் விழுந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?
– வாசகர், வீரகேரளம்புதூர்

பதில்: பயம் நியாயமானதுதான். ஆனால் பயிர் எடுக்காத உரத்தால் ஒரு மணி நெல்கூடக் கூடாது. யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து. அது மண்ணில் நைட்ரேட்டாக மாறினால் நீரோடு இறங்கிக் கிணற்றைச் சேரும். குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் இருக்கக் கூடாது. கைக்குழந்தைகளுக்கு அது ஆபத்து. மணிச்சத்தோ மண்துகளைப் பற்றிக்கொண்டு குளத்துக்குப் போய்ப் பாசியை வளர்க்கும். அனுமன் நதி சிற்றாற்றில் சேரும் ஊர் உங்களுடையது. அந்தச் சிற்றாறு சீவலப்பேரியில் தாமிரபரணியில் கலக்கிறது. உங்கள் மடையைத் தாண்டும் நீர் அவ்வளவு தூரம் போகும்.

முதலில் மண் பரிசோதனை. வரப்போரம், எருக்குவியல், மரநிழல் தவிர்த்து, பத்துப் பதினைந்து இடங்களில் 15 செ.மீ. ஆழம்வரை மண்ணெடுத்துக் கலந்து, அரைக் கிலோ கொடுங்கள். மண்வள அட்டை சொல்லும் அளவை மட்டும் போடுங்கள். யூரியாவைப் பிரித்து, தூர்கட்டும்போதும் கதிர் உருவாகும்போதும் இடுங்கள். மழை திரண்டிருந்தால் தள்ளிவையுங்கள். நீர் சுண்டியிருக்கும்போது போட்டு, இரண்டு நாள் மடையை அடைத்துவிடுங்கள்.

பிசானப் பருவ நெல்லுக்கு முன் ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் தருணத்தில் மடக்கி உழுதால் யூரியாத் தேவை குறையும். வாய்க்கால் விளிம்புவரை உழாமல் ஒரு பட்டை புல்லுக்கு விடுங்கள். அங்கே வெட்டிவேர் நட்டால் மண்ணை இறுகப் பிடிக்கும். மருந்தடித்த தெளிப்பானை வாய்க்காலில் கழுவவே வேண்டாம்.

கேள்வி: ஆற்றைக் காக்கும் செலவை விவசாயி மட்டும் ஏன் சுமக்க வேண்டும்?

பதில்: சுமக்கக் கூடாது. நியூயார்க் மாநகரம் 1990களில் பெரும் வடிகட்டு நிலையம் கட்டும் செலவைத் தவிர்க்க, குடிநீர் வரும் மலைப்பகுதி விவசாயிகளோடு உடன்பாடு கண்டது. எருவைச் சேமித்துவைக்கவும் ஓடைக்கரையில் வேலி போடவும் மாநகரமே பணம் கொடுத்தது. சேர்வதும் சேராததும் விவசாயியின் விருப்பம். சுத்தமான தண்ணீரைக் குடிப்பவர்கள் அதற்கான செலவில் பங்கேற்பதே நியாயம்.

நம்மிடமும் வழிகள் உண்டு. 2024இல் தமிழக அரசு அறிவித்த ‘மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் பசுந்தாள் உர விதைக்கு உதவி இருக்கிறது. வட்டாட்சியரிடம் அனுமதி பெற்றுக் குளத்து வண்டலை இலவசமாக அள்ளலாம். குளமும் ஆழமாகும், வயலும் வளம்பெறும். மேல்வயல் வரப்பு உடைந்தால் கீழ்வயலுக்குக் காவல் இல்லை. அதனால் ஒரே மடையில் பாயும் எல்லோரும் சேர்ந்து மனு எழுதி, ஆட்சியரின் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் கேளுங்கள். தனியாள் கேட்பதைவிட ஒரு பாசனமே கேட்பது வலுவானது.