குதிரைக்குப் பாண் வேண்டாம், தண்ணீரைப் பாருங்கள்

பள்ளி விடுமுறை விட்டால் நாரந்தனையிலிருந்து வேலணை, புங்குடுதீவு கடந்து குறிகட்டுவானில் படகேறும் பல குடும்பங்களின் கையில் ஒரு பை பாண் இருக்கும். நெடுந்தீவுக் குதிரைகளுக்காம். அன்போடுதான் கொண்டு போகிறீர்கள். ஆனால் குதிரையின் வயிறு நம் வீட்டு மாட்டின் வயிறு போல அல்ல. மாடு ஏப்பம் விட்டு வாயுவை வெளியேற்றும், தின்றதை மீண்டும் அசைபோடும். குதிரைக்கு வாந்தி எடுக்கவே முடியாது. உள்ளே போனது முழுக் குடலையும் கடந்துதான் வெளியே வரவேண்டும். அதன் பெருங்குடல் இடுப்புப் பக்கம் வளைந்து ஒடுங்குகிற இடத்தில் காய்ந்த தீனியோ மண்ணோ இறுகினால் அடைத்துக்கொள்ளும். மிருக வைத்தியர்கள் ‘கோலிக்’ என்பது இந்த வயிற்றுவலியைத்தான். நம் பழைய சொல்லில் சூலை.

ஒரு சோளகக் காலத்தில் நெடுந்தீவில் ஒரு பெண்குதிரையைப் பார்த்தேன். முன்காலால் நிலத்தை விறாண்டியது, கழுத்தைத் திருப்பித் தன் விலாவைப் பார்த்தது, படுத்தது, எழுந்தது, மறுபடி படுத்துப் புரண்டது. கழுத்தெல்லாம் வியர்வை. சுற்றி நின்றவர்கள் அது விளையாடுகிறது என்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த முறை அங்கே நிற்பவர் நீங்களாக இருக்கலாம். அதனால் இதை இன்றே படித்து வையுங்கள்.

செய்ய வேண்டியவை

• தண்ணீர்த் தொட்டியை முதலில் எட்டிப் பாருங்கள். அடைப்புக்குப் பெரிய காரணம் தாகம். நெடுந்தீவு முருகைக்கல் நிலம். மாரி மழை முடிந்து மாதங்கள் போகப் போக நல்ல தண்ணீர் குறைந்து, மிச்சம் உவராகிவிடும். வறட்சி நீண்ட ஆண்டுகளில் அங்கே குதிரைகள் செத்திருக்கின்றன. தொட்டி வற்றியிருந்தால் பிரதேச செயலகத்துக்கோ வனஜீவராசிகள் திணைக்களத்துக்கோ அன்றைக்கே சொல்லுங்கள்.

• வீட்டில் குதிரை வளர்த்தால் தண்ணீரை அளந்து வையுங்கள். 200 கிலோ மட்டக்குதிரைக்கு நாளுக்குக் குறைந்தது 10 லீற்றர் வேண்டும். வெயில் காலத்தில் அது இரட்டிப்பாகும்.

• தீனியைத் தொட்டியிலோ சாக்கின் மேலோ போடுங்கள். வெறும் மணலில் போட்டால் ஒவ்வொரு வாய்க்கும் மண் சேர்ந்து போகும்.

• இலத்தியைச் சோதியுங்கள். நிலத்தில் படாத ஐந்தாறு உருண்டைகளை ஒரு கண்ணாடிப் போத்தல் தண்ணீரில் கரைத்துக் கால் மணி நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் ஒரு தேக்கரண்டி மண் படிந்தால் குடலுக்குள் மணல் சேருகிறது என்று எடுத்துக்கொண்டு வைத்தியரிடம் பேசுங்கள். காசு செலவில்லாத இந்தச் சோதனையைச் செய்பவர்கள் மிகக் குறைவு.

• தீனியை மாற்றுவதானால் ஒரு வாரம் பத்து நாள் எடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். குடலில் புல்லைச் செரிக்க வைக்கும் நுண்ணுயிர்கள் புதுத் தீனிக்குப் பழக நாளாகும்.

• பூச்சி மருந்தை வைத்தியர் சொல்லும் கணக்கில் கொடுங்கள். சில குடற்புழுக்களின் குஞ்சுகள் குடலுக்கு இரத்தம் கொண்டுபோகும் நாடியையே கெடுத்துவிடும்.

• ஆண்டுக்கு ஒருமுறை பல்லைக் காட்டுங்கள். கூர்ந்த பல்லால் மெல்ல முடியாத குதிரை புல்லை அப்படியே விழுங்கும்.

• நோவு கண்டால் நாடியையும் முரசையும் பாருங்கள். வளர்ந்த குதிரைக்கு ஓய்வில் நிமிடத்துக்கு 28 முதல் 44 துடிப்பு. 60ஐத் தாண்டினால் ஆபத்து. முரசை விரலால் அழுத்தி எடுத்தால் இரண்டு விநாடிக்குள் இளஞ்சிவப்பு திரும்ப வேண்டும். கடைசியாக எப்போது இலத்தி போட்டது என்பதையும் குறித்து வையுங்கள். வைத்தியர் தொலைபேசியில் இதைத்தான் முதலில் கேட்பார்.

செய்யக்கூடாதவை

• நெடுந்தீவுக் குதிரைகளுக்குப் பாண், சோறு, பிஸ்கட், மாம்பழம் எதுவும் கொடுக்காதீர்கள். போர்த்துக்கீசர், ஒல்லாந்தர் காலத்துக் குதிரைகளின் வழிவந்த இவை, பல தலைமுறையாகக் காய்ந்த புல்லில் வாழப் பழகியவை. மாவுச்சத்து ஒரேயடியாகப் போனால் குடலில் புளித்து வாயு கட்டும், குளம்புக்குள்ளும் அழற்சி வரும். பிள்ளை அழுதால் எட்ட நின்று காட்டுங்கள், போதும்.

• சொப்பிங் பையை அங்கே விட்டு வராதீர்கள். உப்பும் இனிப்பும் ஒட்டிய பை குதிரைக்குத் தீனி மாதிரித்தான். குடலுக்குள் போனால் கரையாது.

• மாட்டுக்குப் பருக்குகிற மாதிரிப் போத்தலால் எண்ணெய் பருக்காதீர்கள். நம் தீவுகளில் மாடு வளர்த்துப் பழகிய கைகள் முதலில் செய்யும் பிழை இது. தலையைத் தூக்கி ஊற்றினால் எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கும்; சூலைக்குத் தப்பினாலும் அதற்குத் தப்பாது. எண்ணெய் வேண்டுமானால் வைத்தியர் மூக்கு வழியாகக் குழாய் விட்டு இரைப்பைக்குள் ஊற்றுவார்.

• நோவோடு நிற்கும் குதிரைக்குத் தீனி வைக்காதீர்கள். அடைப்புக்குப் பின்னால் இன்னும் அடையும்.

• வீட்டில் இருக்கும் வலி மாத்திரையைக் கொடுக்காதீர்கள். மனிதருக்கான மருந்து குதிரைக்கு நஞ்சாகலாம்; வலியை மறைத்தால் வைத்தியருக்கும் நோயின் அளவு தெரியாது.

• மணிக்கணக்கில் இழுத்து நடத்தாதீர்கள். பத்து நிமிடம் மெல்ல நடத்தலாம். களைத்த குதிரையை ஓட்டினால் இருக்கிற பலமும் போகும்.

• புரளும் காட்டுக்குதிரையைச் சூழ்ந்து நிற்காதீர்கள். வலியில் உதைக்கும். தூர நின்று இடத்தையும் நேரத்தையும் குறித்து வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள்.

• விடியட்டும் என்று இருக்காதீர்கள். கடைசிப் படகு போனால் தீவுக்கு வைத்தியர் வர மறுநாளாகிவிடும். குடல் முறுக்கிக்கொண்டால் சில மணி நேரமே கையில் இருக்கும். முதல் விறாண்டலிலேயே தொலைபேசி எடுங்கள்.

• இரவெல்லாம் புரண்ட குதிரை திடீரென்று அடங்கி நின்றால், சுகமாகிவிட்டது என்று வைத்தியரைத் திருப்பி அனுப்பாதீர்கள். இரைப்பையோ குடலோ கிழிந்தாலும் வலி அப்படித்தான் சட்டென்று அடங்கும்.