ஊர்த்தளத்தைப் பொறுப்பேற்கும் பிள்ளைகளுக்கு

வாற தைப்பொங்கலோடு நமது தீவக இணையத்தளத்தை உங்கள் கையில் தந்துவிட்டு நான் ஒதுங்குகிறேன். ஊர்காவற்துறையில் ஒருவர், நெடுந்தீவில் ஒருவர், பரிசில் ஒருவர் என்று மூன்று பேர் முன்வந்திருக்கிறீர்கள். சந்தோஷம். நான் கணினி படித்தவன் அல்லன். தபாற்கந்தோரில் இருந்து ஓய்வுபெற்ற பிறகு, மகன் காட்டித்தர, தட்டித் தட்டிப் பழகியவன். கீழே சொல்பவை எல்லாம் பிழைவிட்டுப் படித்தவை. முதலாவதைத் தவிர மற்றவற்றை எந்த ஒழுங்கிலும் வாசிக்கலாம்.

1. திறப்பு யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள்.

எங்கள் பழைய தளத்தின் டொட் கொம் பெயரை வெளிநாட்டில் இருந்த ஒருவர் தன் பெயரில், தன் கடனட்டையில், தன் மின்னஞ்சலில் வாங்கித் தந்தார். தங்கமான மனிதர். அவருடைய மரண அறிவித்தலையே அந்தத் தளத்தில் நான்தான் போட்டேன். அதற்குப் பிறகு, பெயரைப் புதுப்பிக்கச் சொல்லி வந்த கடிதங்கள் அவருடைய பெட்டிக்குள்ளேயே போய் விழுந்துகொண்டிருந்தன. அதைத் திறக்க வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. டொட் கொம் பெயர் தவணை முடிந்த அன்றே கைவிட்டுப் போவதில்லை. சில வாரம் பொறுப்பார்கள். பிறகு அபராதம் கட்டி மீட்க 30 நாள் தருவார்கள். அதுவும் போனால் 5 நாளில் அழிந்து சந்தைக்கு வந்துவிடும். எங்களுக்குத் தெரியவந்தபோது எல்லாத் தவணையும் முடிந்திருந்தது. நயினை அம்மனின் தேர்ப்படம் இருந்த முகவரியில் கொஞ்ச நாளில் சூதாட்டக் கடை திறந்திருந்தது.

ஆகவே பெயர் ஒரு பொது மின்னஞ்சலில் பதிவாகட்டும். அந்தப் பெட்டியின் கடவுச்சொல் இரண்டு நாடுகளில் உள்ள இரண்டு பேரிடம் இருக்கட்டும். ஒரே தடவையில் 10 வருடம் வரைக்கும் கட்டலாம். தமிழிலேயே டொட் இலங்கை என்று முடியும் முகவரி 2010 முதல் இருக்கிறது, பார்க்க வடிவுதான். ஆனால் ரொறன்ரோவில் பிறந்த பேரப்பிள்ளைக்கு அதைத் தட்டத் தெரியுமா என்றும் யோசியுங்கள்.

2. பிளகினைக் குறையுங்கள்.

நெடுந்தீவுப் படகில் ஏறுகிற ஒவ்வொருவரும் தன்னுடையது ஒரு சீமெந்து மூட்டைதானே என்றுதான் ஏற்றுகிறார். தளத்துக்கு மேலதிக வசதி தரும் பிளகின்களை நானும் அப்படித்தான் ஏற்றினேன். ஒருநாள் எண்ணிப் பார்த்தால் 34 இருந்தன. வந்தவர் தொகை காட்ட ஒன்று, எந்த நாட்டில் இருந்து வந்தார் என்று கொடி காட்ட ஒன்று, நாட்காட்டிக்கு ஒன்று, மணிக்கூட்டுக்கு ஒன்று. நத்தாருக்கு யாரோ பனி கொட்டும் பிளகின் ஒன்றையும் போட்டுவிட்டார்கள். மாசி மாதம் வரைக்கும் நெடுந்தீவுக் குதிரைகளின் மேல் பனி கொட்டியது.

நமது தளம் ஓடுவது வேர்ட்பிரஸில். 2003இல் வந்த அதைப் பார்க்கிற கண்கள் உலகமெல்லாம் உண்டு. பிளகின் அப்படியல்ல. பலதும் ஒரே ஒரு ஆள் வேலை முடிந்து வந்து இரவில் எழுதியவை. அவருக்கு அலுத்தால் அப்படியே கிடக்கும். இல்லாவிட்டால் விற்றுவிடுவார், அதுதான் பொல்லாதது. டிஸ்பிளே விட்ஜெட்ஸ் என்று ஒன்று இரண்டு இலட்சம் தளங்களில் இருந்தது. 2017இல் கைமாறியபின், புதுப்பிப்பு என்ற பெயரிலேயே தளங்களுக்குள் கள்ள விளம்பரப் பக்கங்களை நுழைத்தார்கள். வேர்ட்பிரஸ் களஞ்சியத்தில் இருந்து அதைத் திரும்பத் திரும்ப நீக்க வேண்டி வந்தது. அதில் மாட்டியவர்கள் ஒழுங்காகப் புதுப்பித்தவர்கள்தான்.

ஒன்றைப் போடுமுன் கடைசியாக எப்போது புதுப்பித்தது, எத்தனை தளம் பாவிக்கிறது, யார் எழுதியது என்று பாருங்கள். ஒரு வருடமாக அசையாமல் கிடந்தால் தொடவேண்டாம். நிறுத்திவைத்தால் போதும் என்றும் எண்ணாதீர்கள். நிறுத்திய பிளகினின் கோப்பு சேர்வரில்தான் கிடக்கும், கள்ளன் நேரே அந்தக் கோப்பைத் தட்டலாம். அழித்துவிடுங்கள். இப்போது ஏழு இருக்கின்றன. எட்டாவது வேண்டுமென்றால் ஏழில் ஒன்று போகட்டும்.

3. காசுக்கு விற்கும் பிளகினை உடைத்துச் சும்மா தருகிறேன் என்று வருபவரிடம் வாங்காதீர்கள். உடைத்தவன் உள்ளே ஏதும் வைக்காமல் தரமாட்டான்.

4. ஆனி மகோற்சவ நாட்களில் ஒன்றையும் புதுப்பிக்காதீர்கள்.

நயினாதீவுக் கொடியேறினால் உலகத்தில் உள்ள தீவகத்தார் எல்லாரும் தளத்துக்கு வருவார்கள். அந்த நேரம் வெள்ளைத் திரை விழுந்தால் ரெலிபோன் நிற்காது. ஆறுதலான ஒரு நாளில், முதலில் பக்கப் (காப்புப்பிரதி) எடுத்து, பிறகு பிளகின்களை ஒவ்வொன்றாகப் புதுப்பித்து, ஒவ்வொரு தடவையும் முகப்பைத் திறந்து பாருங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகத் தெரிவுசெய்து அமத்தினால், எது கெடுத்தது என்று தேடி விடிந்துவிடும்.

அப்படியும் வெள்ளையானால் பதற்றப்படாதீர்கள். வேர்ட்பிரஸ் 5.2 பதிப்பு, அதாவது 2019 முதல், நிர்வாகியின் மின்னஞ்சலுக்கு ஒரு மீட்பு இணைப்பு வரும். அது வராவிட்டால் சேர்வரின் கோப்பு நிர்வாகிக்குள் போய் 'பிளகின்ஸ்' கோப்புறையின் பெயரை மாற்றுங்கள். எல்லாப் பிளகினும் ஒரேயடியாக நின்றுவிடும், தளம் எழும்பும். பிறகு நிர்வாகப் பக்கத்தில் பிளகின் பட்டியலை ஒருமுறை திறந்துவிட்டு, பழைய பெயரை வைத்து, ஒவ்வொன்றாக இயக்கிக் குற்றவாளியைப் பிடியுங்கள்.

5. பக்கப் என்பது இரண்டு சாமான்.

படங்கள் சேர்வரில் கோப்புகளாக இருக்கின்றன. எழுத்து தரவுத்தளத்தில் இருக்கிறது. ஒன்றை மட்டும் எடுத்துவைத்து நிம்மதியாகப் படுத்தவர்களை எனக்குத் தெரியும். தொண்ணூறில் தீவகத்தை விட்டு வெளிக்கிட்டபோது சனம் காணி உறுதியை எடுத்தது, படங்களை எடுக்கவில்லை. இன்று தளத்தில் உள்ள பழைய பள்ளிக்கூடப் படங்களும் கலியாணப் படங்களும் கனடாவிலும் சுவிஸிலும் உள்ள அல்பங்களில் இருந்து ஒவ்வொன்றாகக் கெஞ்சி வாங்கியவை. சிலதுக்கு வேறு பிரதி உலகத்திலேயே கிடையாது. சேர்வரில் உள்ள பக்கப் சேர்வரோடு போய்விடும். ஒன்று வன்தட்டில் ஊர்காவற்துறையில் இருக்கட்டும், ஒன்று பரிசில் இருக்கட்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதை உங்கள் கணினியில் விரித்து உண்மையாகவே திறக்கிறதா என்று பாருங்கள். நான் இரண்டு வருடம் வெறும் கோப்புறையைப் பக்கப் எடுத்துக்கொண்டிருந்தவன்.

6. தமிழுக்கென்று சில தொல்லைகள்.

கோயில் சபைக்காரர் இன்னும் பாமினி எழுத்துருவில் தட்டித் தருவார்கள். பாமினி வெறும் வேடம்தான், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. 'அம்மா' என்பது உண்மையில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச். யுனிகோட்டுக்கு மாற்றிவிட்டுப் போடுங்கள்.

தலைப்பைத் தமிழில் எழுதினால் வேர்ட்பிரஸ் இணைப்பையும் தமிழில் கட்டும். ஒவ்வொரு குறியும், கொம்பும் விசிறியும் புள்ளியும் உட்பட, உள்ளே ஒன்பது எழுத்தாகிறது. இடம் இருப்பதோ 200 எழுத்துக்கு. 'நெடுந்தீவு மகா வித்தியாலயம்' என்று தலைப்பிட்டேன், இணைப்பு 'வித்தியால' என்று அறுந்து நின்றது. அதை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் சதவீதக் குறிகள் ஒரு முழம் நீளத்துக்கு வரும். இணைப்பை மட்டும் ஆங்கில எழுத்தில் சுருக்கமாக நீங்களே எழுதுங்கள்.

சேர்வர் மாற்றும்போது தமிழ் சிதைந்தால் வடிவாகப் பாருங்கள். தலையில் கோடுபோட்ட ஐரோப்பிய எழுத்துக் குப்பையாகத் தெரிந்தால் மீட்கலாம், எழுத்து உள்ளே இருக்கிறது. வெறும் கேள்விக்குறிகளாகத் தெரிந்தால் அந்தப் பிரதியில் தமிழ் இல்லை. பழைய தரவுத்தளத்தை அழிக்காமல் வைத்திருந்தால் பிழைத்தீர்கள்.

7. உதவிக்கு வருகிற எல்லாரையும் நிர்வாகி ஆக்காதீர்கள். எழுதுகிறவருக்கு எழுதுகிற உரிமை மட்டும் போதும்.

8. தொலைபேசிப் படத்தை அப்படியே ஏற்றாதீர்கள். ஒரு படத்துக்கு வேர்ட்பிரஸ் தானே பல அளவுகளில் பிரதி செய்துகொள்ளும், இடம் நிரம்பிவிடும். 1200 பிக்சல் அகலம் தாராளம்.

9. மரண அறிவித்தலில் மட்டும் அவசரம் வேண்டாம்.

எங்கள் தளத்துக்கு அதிகம் பேர் வருவது இதற்காகத்தான், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பிறந்த இடம், வாழ்ந்த இடம், மருமக்களின் பெயர் வரைக்கும் வீட்டாருக்கு ரெலிபோனில் வாசித்துக் காட்டிவிட்டுப் போடுங்கள். வாட்ஸ்அப்பில் வந்ததை நம்பி ஒருமுறை ஒருவரின் படத்தைப் போட்டேன். இறந்தவருக்கும் அவருக்கும் ஒரே ஊர், ஒரே பெயர், தகப்பன் பெயரும் ஒன்று. இரவு பத்து மணிக்குப் பரிசில் இருந்து அவரே எடுத்தார். மன்னிப்புக் கேட்டு, பக்கத்தை உடனே அழித்தேன். அரை மணித்தியாலத்தில் மறுபடியும் எடுத்தார்.

"தம்பி, இஞ்சை நான் இன்னும் செத்துத்தான் கிடக்கிறன்."

நான் அழித்தது பக்கத்தை. தளம் கெதியாகத் திறக்கவென்று போட்டிருந்த கேஷ் பிளகின், பழைய பிரதியையே வருகிறவர்களுக்கெல்லாம் நீட்டிக்கொண்டிருந்தது. கேஷைத் துடைக்கும் பொத்தான் நிர்வாகப் பக்கத்தின் மேற்பட்டையில் இருக்கிறது. எதைத் திருத்தினாலும் கையோடு அதையும் அமத்திவிடுங்கள்.