விளையாட்டுத் திடலில் களைக்கொல்லி எச்சம்

பயிர்ப் பாதுகாப்பு மருந்துகளின் எச்சத்தைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் தானியம், காய்கறி, பால் ஆகியவற்றையே நினைக்கிறோம். உண்ணும் பொருள் வழியாக மட்டுமே நஞ்சு உடலில் சேரும் என்ற எண்ணம் அலுவலகங்களிலும் நிலவுகிறது. களைக்கொல்லி தெளிக்கப்பட்ட புல்தரையில் விழுந்து புரளும் சிறுவனின் தோலும், அவன் கழுவாமல் வாயில் வைக்கும் கையும் இந்தக் கணக்கில் வருவதில்லை.

நம் நாட்டிற்கு இப்பிரச்சினையில் ஒரு தனித்தன்மை உண்டு. வெறுங்காலுடன் ஆடுவது இங்கு பழைய வழக்கம். 1911-இல் ஐ.எப்.ஏ. கேடயத்தை வென்ற மோகன் பகான் அணியினரில் பெரும்பாலோரும், 1948 லண்டன் ஒலிம்பிக்கில் ஆடிய இந்தியக் கால்பந்து வீரர்களில் பலரும் காலணி இன்றியே ஆடினர். பள்ளித் திடல்களில் இவ்வழக்கம் இன்னும் மறையவில்லை. பெரியவர்களை நோக்கக் குழந்தைகளுக்கு உடல் எடையின் விகிதத்தில் தோலின் பரப்பு அதிகம் என்பதையும் இத்துடன் சேர்த்துக் கருத வேண்டும்.

எச்சம் உடலை அடையும் வழி

1940-களில் புழக்கத்துக்கு வந்த 2,4-டி என்னும் களைக்கொல்லியை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். இது அகன்ற இலைக் களைகளை அழித்துப் புல்லை விட்டுவிடுவதால் புல்தரைகளுக்கு ஏற்றதாகக் கருதப்பட்டது. புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேச நிறுவனம் 2015-இல் இதனை, மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கக்கூடும் என்ற ஐயத்திற்குரிய பிரிவில் சேர்த்தது. தெளித்த மருந்தில் ஒரு பகுதியை இலை உறிஞ்சிக்கொள்கிறது. மற்றொரு பகுதி இலையின் மேல் உலர்ந்து படிந்திருக்கும். காலிலும் கையிலும் பந்திலும் ஒட்டிக்கொள்வது இப்பகுதியே. வெயிலாலும் நுண்ணுயிர்களாலும் அது நாளடைவில் சிதைகிறது. ஆனால் காலணியில் ஒட்டி வீட்டினுள் சென்றுவிட்டால், அங்கு வெயிலும் மழையும் இல்லாமையால் நெடுநாள் தங்கக்கூடும்.

1992-இல் கனடாவின் குவெல்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவு இங்கு குறிப்பிடத்தக்கது. தன்னார்வலர் 10 பேர் தெளித்த 1 மணி நேரத்திலும், வேறு 10 பேர் 24 மணி நேரம் கழித்தும் புல்தரையில் இருக்கச் செய்யப்பட்டனர். ஒவ்வொரு குழுவிலும் பாதிப் பேர் நீண்ட காற்சட்டையும் மூடிய காலணியும் அணிந்தனர். மற்றவர் அரைக்காற்சட்டையும் வெறுங்காலுமாக இருந்தனர். முதற்குழுவில் வெறுங்காலுடன் இருந்தவர்களில் 3 பேரின் சிறுநீரில் மட்டுமே மருந்து காணப்பட்டது. சோதிக்கப்பட்டவர்கள் சிலரே, ஒரே மருந்தே சோதிக்கப்பட்டது என்பதால் இதனை எல்லா மருந்துகளுக்கும் பொருத்திவிடலாகாது. எனினும் காலமும் உடையும் எத்துணை முக்கியமானவை என்பது இதிலிருந்து தெளிவாகிறது.

மூன்றாவது காரணி ஈரம். வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வுகளில், பனி படிந்த காலை நேரத்தில் பிற்பகலைவிட அதிக எச்சம் புல்லிலிருந்து பெயர்ந்து வந்தது. நமது பள்ளிகளில் பயிற்சி நடைபெறுவதோ பெரும்பாலும் விடியற்காலையில்! வெயிலுக்கு அஞ்சி வகுத்த கால அட்டவணை, தெளித்ததற்கு அடுத்த நாளில் தவறான அட்டவணையாகிவிடுகிறது.

செலவைச் சுமப்பவர் யார்?

களை எடுக்கும் கூலி திடல் பராமரிப்புக் கணக்கில் பளிச்சென்று தெரியும். களைக்கொல்லியின் விலை அதைவிடக் குறைவாகத் தோன்றும். ஆனால் மிச்சமாகும் தொகை நிர்வாகத்திற்கு, அபாயம் விளையாடும் சிறுவருக்கும் தெளிக்கும் தொழிலாளிக்கும் என்று பிரிந்துவிடுகிறது. பொருளாதார மாணவர்கள் புறச்செலவு என்று படிப்பது இதுவே. சில ஏக்கர் பரப்புள்ள பள்ளித் திடலில் கையால் களை எடுப்பதே முறை என்பது என் கருத்து. அக்கூலி உள்ளூர் மக்களுக்கே போய்ச் சேருகிறது. மேலும், மண் இறுகிப் புல் நலிந்த இடத்தில்தான் களை மிகுதியாகப் பற்றுகிறது. மண்ணைத் துளையிட்டுக் காற்றோட்டம் தந்து அருகம்புல்லை அடர்த்தியாக வளரவிட்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009-ஆம் ஆண்டுப் பணிப்பாணை, விளையாட்டுத் திடல்களிலும் பள்ளி வளாகங்களிலும் இம்மருந்துகளைக் குறைக்கவோ தடுக்கவோ உறுப்பு நாடுகளைப் பணித்தது. நியூயார்க் மாநிலம் 2010-இல் பள்ளித் திடல்களுக்கெனத் தனிச் சட்டமே இயற்றியது. நம் நாட்டில் 1968-ஆம் ஆண்டுப் பூச்சிமருந்துச் சட்டம் களைக்கொல்லிகளையும் உள்ளடக்கியது. 2022 அக்டோபரில் வெளியான மத்திய அரசு அறிவிக்கை, கிளைபோசேட் தெளிப்பதைப் பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணியாளர்களுக்கு மட்டுமே என வரையறுத்தது. ஆதலால் வாங்குவதற்கு முன், ஒரு மருந்து எந்தப் பயிருக்கு, எந்த இடத்திற்கு எனப் பதிவாகியுள்ளது என்பதை உறைச்சீட்டில் பார்க்க வேண்டும்.

தவிர்க்க முடியாமல் தெளிக்க நேர்ந்தால் நீண்ட விடுமுறையின் தொடக்கமே உகந்த காலம். முழுத் திடலுக்கும் வேண்டாம். களை உள்ள இடத்திற்கு மட்டும் போதும். ஒரு நாள் கழிந்தபின் நன்கு நீர் பாய்ச்சினால் இலைமேல் உள்ள எச்சம் பெரிதும் மண்ணுக்குள் இறங்கிவிடும். தெளித்த உடனேயே பாய்ச்சினால் மருந்தும் வீண், களையும் சாகாது. கலப்பவரே மிகுந்த செறிவுள்ள மருந்தைத் தொடுபவர். அவருக்குக் கையுறையும் மூடிய காலணியும் தருவது சலுகையன்று. வெட்டிய புல்லை மாட்டுத் தீவனமாகக் கொடுக்கும் வழக்கத்தையும் அப்பருவத்தில் நிறுத்த வேண்டும். இல்லையேல் திடலின் எச்சம் பால் வழியாக நமது பழைய கணக்கிற்கே திரும்பக்கூடும்.

மருந்தின் பெயர், தெளித்த நாள், நேரம், திடல் மீண்டும் திறக்கப்படும் நாள் ஆகிய 4 விவரங்களையும் நுழைவாயிற் பலகையில் எழுதும் பொறுப்பைப் பராமரிப்பு ஒப்பந்தத்திலேயே சேர்க்கலாம். இதற்குப் புதிய ஆணை தேவையில்லை. திடலுக்குப் பொறுப்பான அலுவலரின் கையொப்பமே போதுமானது.