பல்லுக்கும் ஒரு பூண்



முத்தியால்பேட்டையிலிருந்து வந்த ஒரு தாயார், கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு வேர் சிகிச்சை முடிந்த கையோடு எங்களைப் பார்க்க வந்தார்கள். "ஐயா, கேப் போட இப்போது பணமில்லை. உள்ளே ஒரு கம்பி வைத்துவிட்டால் பல் உறுதியாகிவிடுமாமே?" என்றார்கள். நாங்கள் மருத்துவர் அல்ல. அந்நாள்வரை நாங்களும் அப்படித்தான் எண்ணியிருந்தோம். பல் மருத்துவரிடம் கேட்டறிந்ததை உங்களுக்கும் எழுதுகிறோம்.

அந்தக் கம்பிக்குப் போஸ்ட் என்று பெயர். அது பல்லைப் பலப்படுத்துவதில்லை. பல்லின் மேற்பகுதி பெரும்பாலும் போய்விட்டால், அவ்விடத்தில் கட்டியெழுப்பும் புது மேட்டை அது பிடித்து நிறுத்துகிறது, அவ்வளவே. அதை இறக்குவதற்காக வேரின் உட்குழாயை அதிகமாகக் குடைந்தால் வேர் மெலிந்துபோகும். மெலிந்த வேர் நெடுக்காகப் பிளந்துவிட்டால், பெரும்பாலும் பல்லைப் பிடுங்கத்தான் வேண்டும். வேர் நுனியிலுள்ள அடைப்பிலும் நான்கைந்து மில்லிமீட்டரைத் தொடாமல் விடவேண்டும். இல்லாவிட்டால் கிருமிகளுக்கு வழி திறந்துவிடும்.

இது பழைய வித்தை. புதுச்சேரி பிரெஞ்சுக் கம்பெனியின் கையிலிருந்த காலத்தில், 1728இல், பாரிஸ் பல் வைத்தியர் பியேர் ஃபோஷார் தம் நூலை வெளியிட்டார். வேருக்குள் பொன், வெள்ளிக் கம்பிகளைப் பிசினால் பதித்துப் பொய்ப்பல் பொருத்தும் முறை அதில் இருக்கிறது. பிற்காலத்தார் மரக்குச்சிகளையும் செருகினார்கள். அவை எச்சிலில் ஊறி உப்பி இறுகப் பிடித்தன. சில வேளை வேரையே பிளந்தன. 1990 வாக்கில் பிரான்சிலேயே கார்பன் இழைப் போஸ்ட் வந்தது. பின்னர் வெண்ணிறக் கண்ணாடி இழையும் வந்தது. இவை உலோகத்தைப்போல விறைத்து நிற்காமல், ஏறக்குறைய பல்லைப்போலவே வளைந்து கொடுக்கின்றன. பழுது நேர்ந்தாலும் பெரும்பாலும் போஸ்ட்தான் கழன்றுவரும், வேர் தப்பும்.

அப்படியானால் பல்லைக் காப்பது எது? உலக்கையின் நுனியில் இரும்புப் பூண் இருக்குமே (இன்று எத்தனை வீட்டில் உலக்கை உண்டோ!), மரம் பிளவாதபடி அது காக்கிறது. அதேபோல, ஈறுக்கு மேலே நிற்கும் சொந்தப் பல்லைக் கேப்பின் விளிம்பு சுற்றிலும் 2 மில்லிமீட்டர் உயரமாவது தழுவிப் பிடிக்கவேண்டும். அந்த அளவு பல் மிஞ்சவில்லையென்றால், எவ்வளவு விலையுயர்ந்த போஸ்ட்டும் நெடுநாள் தாங்குவது கடினம்.

அந்தத் தாயாரின் பல்லில் சுவர்கள் போதிய அளவு நின்றன. கடைவாய்ப் பல்லின் உள்ளறையும் அகலமானது. அடைப்பு அதிலேயே பிடித்துக்கொள்ளும். போஸ்ட் வேண்டாம், கேப் மட்டும் போதும், ஆனால் தள்ளிப்போட வேண்டாம் என்றார் மருத்துவர். மகனுக்குச் சம்பளம் வரும்வரை மறுபக்கத்தால் மென்றார்கள்; அடுத்த மாதம் வந்து கேப் போட்டுக்கொண்டார்கள்.